ஒன்பது பருப்புத் தூரம்

தருமபுரி தனி மாவட்டமான மறு வருடம், 1966 மே மாதம் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே கால் மணிக்கு, காரிமங்கலம் சந்தை மைதானத்தில் மாரண்டஹள்ளி சென்னப்பன் எடுத்த சடுகுடு மூச்சு ஒன்பது வருடம் இரண்டு மாதம் அறுபடவே இல்லை. பதினொரு வருடம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆறுதான் என்று சாதிப்பவர்களும் உண்டு. இரு கட்சியாரும் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனவர்கள். ஆட்டத்துக்கு வெளியே கடைசிவரை உட்கார்ந்திருந்தவள் வேர்க்கடலை விற்ற ஞானமேரி ஒருத்திதான் என்பதால், அவள் சொன்னதையே இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னப்பன் மாரண்டஹள்ளியில் காய்கறி லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன். ஒல்லி உடம்பு, நீளக் கை. காரிமங்கலம் பக்கம் பாடிப்போய்த் திரும்புகிற நேரத்தில் மூன்று பேர் ஒன்றாக விழுந்து அவனை அமுக்கினார்கள். ஒருவன் இடுப்பை, ஒருவன் தொடையை, சைக்கிள் கடை அப்துல் சுபான் இடது கணுக்காலை. சென்னப்பன் குப்புற விழுந்து வலது கையை நடுக்கோட்டை நோக்கி நீட்டினான். விரல் நுனிக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் இடையில் நாலு விரற்கடை இருந்தது. சடுகுடு பார்த்தறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: மூச்சு விடாமல் பாடிக்கொண்டே அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால், அவனைப் பிடித்த அத்தனை பேரும் அவுட்டு. தொடுவதற்குள் மூச்சு அறுந்தால் அவன் அவுட்டு. அரை நிமிடத்தில் எப்படியாவது முடிந்துவிடுகிற காரியம். நடுவராக இருந்த பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஸ்தனிஸ்லாஸ் விசிலை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார். இருட்டும்வரை அவர் நிமிரவில்லை.

முதலில் கிளம்பியவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் மாடு கத்திக்கொண்டிருக்கும். ஆனால் அன்று தொண்டை கிழியக் கூச்சல் போட்டதும் அவர்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை காலையில் மைதானத்தில் "சடுகுடு சடுகுடு" என்று கேட்டுக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமையும் கேட்டது. அந்த வாரத்துக்குள் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் தனி பஸ் விட்டார்கள். தொப்பூர் கணவாயில் சாப்பிட நின்ற லாரிக்காரர்கள் இந்தச் சங்கதியை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சரக்கோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். பெரிய டாக்டர் ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, உள்ளே வரவில்லை என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோறு தண்ணீருக்கு என்ன செய்தான் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. மூச்சே இழுக்காதவனுக்குச் சோறு எதற்கு என்று ஊர் அதை அப்படியே விட்டுவிட்டது. தலைமுடி மட்டும் வளர்ந்தது. மாதம் ஒருமுறை நாவிதர் வந்து பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து வெட்டிவிட்டுப் போனார்.

ஞானமேரி ஆட்டம் பார்க்க வந்தவள் அல்ல. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே கூடை இருக்கும், அவ்வளவுதான். மானாவாரிக் கடலை போடும் கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. கட்டிக்கொண்டவன் பாலக்கோட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் பூ வாங்கி வந்து கொடுத்தவன்தான். பிறகு கோலார் சுரங்கத்தில் வேலை என்று போனான். மூன்று கடிதம் போட்டான். நாலாவது கடிதம் வரவில்லை, அவனும் வரவில்லை. அவன் ஆசை பதினொரு மாதம் இருந்தது என்று அவள் விலை சொல்வது போலச் சொல்வாள். அழமாட்டாள். எந்த ஆசைக்கும் ஒரு கெடு உண்டு, தனக்கு வாய்த்தது பதினொரு மாதம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

நடுக்கோட்டின் ஓரத்தில், புளியமர நிழல் விழுகிற இடத்தில் அவள் கூடையை வைத்திருந்தாள். சென்னப்பனின் நீட்டிய கை அவள் கண்ணுக்கு நேரே கிடந்தது. மூன்றாம் நாள் பொழுது போகாமல் கடலையை உரித்து, அவன் விரல் நுனியிலிருந்து கோடுவரைக்கும் பருப்பை வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒன்பது பருப்பு பிடித்தது. மறு மாதம் அதேபோல வைத்தாள். எட்டுதான் பிடித்தது, ஒன்பதாவது பாதி கோட்டின் மேல் ஏறி நின்றது. பருப்பு பெரிதோ என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பெரிதில்லை. சுற்றி நின்ற ஆயிரம் பேர் ஆள் அசையவே இல்லை என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. இவன் போய்க்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான்.

ரசிகர் என்றால் அந்த நாளில் ரைஸ்மில் குமாஸ்தா கோவிந்தனைத்தான் சொல்வார்கள். சென்னப்பன் ரசிகர் மன்றம் அவன் ஆரம்பித்தது. ரப்பர் ஸ்டாம்பு, பட்டுக் கொடி, உறுப்பினர் அட்டை எல்லாம் இருந்தன. சந்தையில் பச்சை குத்துகிறவளிடம் முன்கையில் சென்னப்பன் பெயரைக் குத்திக்கொண்டு வந்து பெஞ்சின் மேல் ஏறி நின்று, "உசுரு இருக்கிற வரைக்கும் இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்" என்று அழுதான். கேட்டவர்களும் அழுதார்கள். ஞானமேரி ஒருநாள் தயங்கித் தயங்கி, "அண்ணா, கை நவுருதுங்க" என்றாள். கோவிந்தன் சிரித்துவிட்டான்.

"நீ யாவாரத்துக்கு வந்தவ. உனக்கு ஆட்டத்தப் பத்தி என்னம்மா தெரியும்?"

அவள் ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அந்த வருடம் புரட்டாசியில் பெய்த மழையில் நடுக்கோடு கரைந்து போயிற்று. கோட்டின் இரண்டு முனைக்கும் முளைக்குச்சி அடித்துத்தான் வைத்திருந்தார்கள். சந்தைக்கு வந்த யாரோ ஆடு கட்ட அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போனது அன்றைக்குத்தான் தெரிந்தது. மாரண்டஹள்ளிக்காரர்கள் கோடு விரல் நுனியிலேயே இருந்தது என்றார்கள். காரிமங்கலத்தார் ஒரு முழம் தள்ளி இருந்தது என்றார்கள். குடையாலும் சைக்கிள் பம்பாலும் அடித்துக்கொண்டார்கள், நாலு பேருக்கு மண்டை உடைந்தது. அப்போது ஞானமேரி எழுந்து, நேற்று சாயங்காலம் எட்டு பருப்பு இருந்தது என்று சொல்லி, வைத்தும் காட்டினாள். அவள் சொன்ன இடம் இரண்டு கட்சிக்கும் சமமாகக் கசந்தது. அதனால் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டர் தீர்ப்பளித்து, சுண்ணாம்பு டப்பாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்குப் பிறகும், ஒவ்வொரு சந்தை கலைந்த பிறகும் கோடு போடுவது அவள் வேலை ஆயிற்று. சந்தை வியாபாரிகளும் மரியாதை தெரிந்தவர்கள். தக்காளிக் கூடையும் புளி மூட்டையும் ஆட்டக் கட்டத்தைச் சுற்றித்தான் இறங்கும், உள்ளே ஒருவர் கால் வைக்கமாட்டார்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் நடப்பதுதான். தீபாவளிவரை இருந்தவர்கள் தீபாவளிக்குப் போனார்கள், பொங்கலுக்கு வந்து தலைகாட்டினார்கள். மறு வருடம் மைதானத்துக்குப் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டதும் இன்னும் நூறு பேர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். கோவிந்தன் பதினாலாம் மாதம் நகர்ந்தான். உசுரு என்னவோ இருந்தது. கிருஷ்ணகிரியில் புதிதாக ஓர் ஆட்டக்காரன் பறந்து பறந்து ஆடுகிறான் என்று கேள்விப்பட்டுப் போனவன், சென்னப்பன் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் குத்திக்கொண்டு திரும்பினான். ஊரில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பாட்டு சத்தம் பஸ் சத்தம் போல ஆகிவிட்டது. சத்தமே காதில் விழவில்லை என்று பெரியவர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.

பிடித்திருந்தவர்களும் மாறினார்கள். தொடையைப் பிடித்தவனுக்கு பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தது. இடுப்பைப் பிடித்தவன் பெங்களூர் போய்விட்டான். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களும் ஆறு மாதம், ஒரு வருடம் பிடித்துவிட்டு வயிற்றுப்பாட்டைப் பார்க்கப் போனார்கள். இப்படி மொத்தம் பதினேழு பேர். அப்துல் சுபான் மட்டும் மாறவில்லை. கணுக்காலைப் பிடித்த கையை அவன் எடுக்கவே இல்லை. சைக்கிள் கடையைப் பெயர்த்துப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். இடது கையால் கணுக்காலையும் வலது கையால் வேலையையும் பார்த்துக்கொண்டான். பஞ்சர் ஒட்டும்போது ட்யூபைச் சைக்கிள்காரரே பிடித்துக்கொள்ள வேண்டும். உடம்பு முடியாதவர்கள் படுத்தபடி தொழலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதை வைத்துத் தொழுகையும் தவறவில்லை. இரண்டு இடத்துச் சம்பந்தம் இதனாலேயே தட்டிப்போயிற்று. மூன்றாவதாகப் பேசிய அஸ்கரி பேகம், "புடிச்சத வுடாத மனுசன்னா நல்லதுதானே" என்று தலையாட்டிவிட்டாள். நிக்காஹ் மைதானத்திலேயே நடந்தது. ஞானமேரிக்கும் ஒரு தட்டு பிரியாணி வந்தது. எதிர்க்கட்சிக்காரனிடம் வாங்கித் தின்னலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சாப்பிட்டாள்.

1970-ல், நாலு பருப்புத் தூரம் மிச்சம் இருந்தபோது, சென்னப்பனின் தாய் ராமக்காள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகனின் முதுகைத் தடவினாள், மேலே படிந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பிறகு ஞானமேரி முன்னால் வந்து குந்திக்கொண்டாள்.

"ஆத்தா, சுண்ணாம்பு உன் கையிலதான இருக்குது. நாலே நாலு பருப்பு. நீ தள்ளிப் போட்டா எம்மவன் வூட்டுக்கு வந்துருவான்."

"அது தப்புங்கம்மா."

"யாரு வந்து உன்னைய கேக்கப் போறாங்க? பாக்கறதுக்குத்தான் இங்க யாரு இருக்கா?"

அந்தக் கடைசி வார்த்தை ஞானமேரியை அடித்தது. திரும்பிப் பார்த்தாள். ஆயிரம் பேர் நின்ற இடத்தில் நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பெற்றவள் காலில் விழாத குறையாக உட்கார்ந்திருக்கிறாள். ஞானமேரி பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டு, விரல் நுனியை ஒட்டிப் புதுக் கோடு இழுத்தாள். அப்துல் சுபான் பார்த்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். இனி சென்னப்பன் ஒரு விரலை அசைத்தால் போதும்.

சென்னப்பன் விரல்களை மடக்கினான். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக மடக்கி, கையை முட்டியாக இறுக்கிக் கோட்டிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டான். பாட்டு மட்டும் நிற்கவில்லை. ராமக்காள் அந்த முட்டியைப் பார்த்தாள். அப்புறம் அவளே கையால் அந்தக் கோட்டை அழித்தாள்.

"சின்னதுலயும் இப்பிடித்தான். இனாமா குடுத்தா வாங்க மாட்டான்" என்றாள். சொல்லும்போது குரலில் அழுகையும் இருந்தது, பெருமையும் இருந்தது.

ஞானமேரி கோட்டைப் பழைய இடத்தில் போட்டாள். சென்னப்பன் கையை விரித்தான். பருப்பு வைத்துப் பார்த்தால் ஐந்து பிடித்தது. ஒரு வருட உழைப்பு தன் கையால் போயிற்று என்று, புருஷன் போனபோதுகூட அழாதவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குப் பிறகு அவளால் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது என்று ஆகிவிட்டது. அவன் கோட்டைத் தொடுகிற நேரத்தில் பார்க்க ஒரு ஜோடிக் கண்ணாவது இருக்க வேண்டும். அது தவறிப்போனால், உலகத்தில் எதுவும் பதினொரு மாதத்துக்கு மேல் இருப்பதில்லை என்று தானே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டர் பாலக்கோட்டுக்கு மாற்றலாகிப் போனார், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தார், 1972-ல் இறந்தார். ஆட்டம் முடியவில்லை, விசிலை என்னோடு புதைக்காதீர்கள் என்று சொல்லி, அதையும் ஆட்ட நேரம் குறித்து வைத்த நோட்டையும் ஞானமேரிக்கு அனுப்பியிருந்தார். கழுத்தில் சிலுவை தொங்கிய கயிற்றிலேயே அவள் விசிலையும் கோத்துக்கொண்டாள். 1974-ல் இரண்டு பருப்பு மிச்சம். அண்ணன் சவரிராயன் ஓசூரில் வேலையும் தங்க இடமும் பார்த்து வைத்து, வற்புறுத்தி அழைத்துப் போனான். மூன்று நாள் இருந்தாள். எட்டு வருடமாகக் காதில் இருந்த சத்தம் இல்லாமல் அந்த ஊர் அவளுக்குச் செத்த வீடு போல இருந்தது. நாலாம் நாள் பஸ் ஏறி வந்து இறங்கினால், நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. கோடு எங்கே என்று பதறி ஓடினாள். கோடு இருந்தது. அப்துல் சுபான் சொல்லச் சொல்ல அஸ்கரி பேகம் பருப்பு வைத்து அளந்து போட்டிருந்தாள்.

"ரெண்டுதான்க்கா. நல்லா பாத்துக்கங்க, நாளைக்கு எங்க ஆளுங்க ஏமாத்திட்டாங்கன்னு பேச்சு வரக்கூடாது" என்றான் அப்துல் சுபான்.

ஞானமேரி அளந்து பார்த்தாள். ரெண்டுதான்.

1975 ஜூலை இருபத்து நாலாம் தேதி வியாழக்கிழமை, சந்தை இல்லாத நாள், பிற்பகல் மூன்று மணி. மேல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சென்னப்பனின் நடுவிரல் நகம் வெள்ளையாக இருப்பதை ஞானமேரி பார்த்தாள். வெயில் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். சுண்ணாம்பு. விரல் கோட்டின் மேல் இருந்தது, வாய் சடுகுடு என்று பாடிக்கொண்டிருந்தது.  விசிலை வாயில் வைத்தாள், ஊதக் காற்று வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவை ஊதிய விசில் பஸ் நிலையம்வரை கேட்டது.

பாட்டு நின்றது. அப்புறம் சென்னப்பன் மூச்சை இழுத்தான். ஒன்பது வருடம் வெளியே விட்ட காற்று அத்தனையையும் திரும்ப இழுத்தான். புளியமரம் அவன் பக்கம் சாய்ந்தது. மேற்கேயிருந்து அடித்த காற்று நின்று, நாலு திசையிலிருந்தும் காற்று மைதானத்தை நோக்கி வந்தது. கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் ஒரே பக்கமாக நீண்டு நின்றன. டூரிங் கொட்டகையின் தட்டி படபடத்தது. மாரண்டஹள்ளியில் ராமக்காள் வீட்டுக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் உலை வைக்க எழுந்தாள். இழுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் எல்லாம் பழையபடி அதனதன் இடத்தில் நின்றன. ஞானமேரி மண்டியிட்டபடி இருந்தாள். பயம் இல்லை. தான் இருந்தோம், தன் கண்ணால் பார்த்தோம் என்ற ஒன்றுதான் மனம் முழுக்க இருந்தது.

சென்னப்பன் எழுந்து உட்கார்ந்து கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஒன்பது வருடம் எதிரெதிரே இருந்தும் அவர்கள் பேசிக்கொண்டது அப்போதுதான்.

"ஒரே ஒரு நாள் தள்ளிப் போட்டீங்க" என்றான்.

"போட்டேங்க. தப்புதான்."

"மத்த நாளெல்லாம் சரியாப் போட்டீங்க. அத நம்பித்தாங்க கைய நீட்டினேன்."

அப்துல் சுபான் கையை எடுத்தான். விரல்கள் வளைந்தபடியே இருந்தன, பிறகும் நிமிரவில்லை. சென்னப்பனிடம், "நல்ல மூச்சுப்பா" என்றான். கோட்டுக்கு வெளியே போய், அவுட்டானவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். மற்ற பதினாறு பேருக்கும் அவரவர் இருந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. கிருஷ்ணகிரி சாலையில் கண்டக்டர் விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்தி, பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்தான். பெங்களூரில் ஒருவன் பேசிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு நடைபாதைக்கு வெளியே போய்க் குந்திக்கொண்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவுட்டு என்று சொல்லியிருப்பார்கள்.

காற்று இழுத்ததைப் பார்த்துக் கோவிந்தன் ரைஸ்மில்லிலிருந்து ஓடிவந்தான். அவன் கையில் அப்போது மூன்று பெயர் இருந்தது, மேலே இருந்தது மங்கியிருந்தது. "தொட்டுட்டாரா? நான் பாக்கலியே, நான் பாக்கலியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். நிஜமான அழுகைதான். ஒரு வாரம் இருந்தது. ஞானமேரி அவனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டரின் நோட்டுப்படி ஆட்டம் முடிய இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அடுத்துப் பாடிப்போக வேண்டியது காரிமங்கலம். அன்றைக்கு ஓரத்தில் நின்றதால் சென்னப்பன் மேல் கை வைக்காமல் தப்பியவன், மெத்தை தைக்கிற பக்ருதீன். இப்போது தொப்பை விழுந்து, இரண்டு பிள்ளைக்குத் தகப்பனாகியிருந்தான். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, லுங்கியை மடித்துக் கட்டி, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சென்னப்பன் தன் பக்கம் போய்க் காலை அகற்றி நின்றான். ஞானமேரி கோட்டைப் புதிதாக இழுத்தாள். விசிலை ஊதினாள்.

பக்ருதீன் ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான். ஞானமேரி தன் இடத்தில் உட்கார்ந்து, கடலையை உரித்து, ஒன்பது பருப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.